கனியின் மூச்சறிந்து திறக்கும் கிண்ணம்

சித்திரை பிறந்துவிட்டால் சேலத்துக் கடைவீதிகளில் மாம்பழ மணம் கமழ்வதை நாம் அனைவரும் அறிவோம். மல்கோவாவும் இமாம்பசந்தும் சேலம் குண்டும் கூடை கூடையாக வந்து குவியும். ஆயினும் அந்த மணத்துக்குப் பின்னே ஒரு கவலை மறைந்திருக்கின்றது. தோப்புகள் பலவும் ஒரே வேளையில் பழுப்பதால் விலை சரிகின்றது. பறித்த கனியோ காத்திருப்பதில்லை. ஆண்டெல்லாம் உழைத்த குடும்பம், அழுகுமுன் விற்றாக வேண்டுமே என்று, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகின்றது. பத்து நாள் பொறுக்க முடியுமானால், ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கடன் வாங்க நேராதன்றோ?

கனி ஏன் குழைகின்றது? அதன் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வை ஃபாஸ்போலிபேஸ் டி என்னும் நொதி சிதைக்கத் தொடங்குவது ஒரு முக்கிய காரணமாகும். அந்நொதியை அடக்கவல்லது ஹெக்சனால். புதிதாக வெட்டிய புல்லின் பசுமணத்தில் அடங்கியுள்ள இயற்கைப் பொருளே அது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாரோடு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இலங்கைக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் 2012ஆம் ஆண்டில் கைகோத்து, இதனை மாங்கனியில் ஆராயத் தொடங்கின. அறுவடைக்கு முன் தெளித்த மரங்களில் கனிகள் மூன்று வாரம் வரை கூடுதலாக நின்றன.

ஆனால் ஹெக்சனால் எளிதில் ஆவியாகிவிடும். அதைச் சேமித்து வைத்து, வேண்டும்போது மட்டும் வெளிவிடுவது எங்ஙனம்? இங்கேதான் நானோ நுட்பம் துணைவருகின்றது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால், ஒரு கூறே ஒரு நானோமீட்டர். மாச்சத்தை நொதியால் பக்குவப்படுத்தி, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருளைப் பெறுகின்றனர். ஏழு சர்க்கரை அலகுகள் வளையமாகக் கோத்த இச்சிறு கிண்ணத்தின் வாய் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. நம் சேலம், நாமக்கல் வயல்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் அதே மாச்சத்துதான்!

கிண்ணத்தின் உட்புறம் நீரை விரும்பாது, ஹெக்சனாலை ஏற்கும். காற்று உலர்ந்திருக்கும்வரை அது உள்ளேயே அடங்கியிருக்கும். மூடிய பெட்டியில் கனிகள் மூச்சுவிட, ஈரம் மிகும். நீர் உள்ளே புக, ஹெக்சனால் சிறிது சிறிதாக வெளியேறும். காவல் வேண்டிய நேரத்தைக் கனியே அறிவித்துவிடுகின்றது!

இது மந்திரமன்று. அடிபட்ட கனியை மீட்காது, அழுகியதைத் திருத்தாது. காம்போடு பறித்தலும், நிழலில் வைத்தலும் என்றும் வேண்டியவையே. ஆனால் சில நாள் அவகாசம் கிட்டுமாயின், விலை சொல்லும் உரிமை விளைவித்தவருக்கும் கிட்டும். இந்த அறிவு, பெரிய ஏற்றுமதியாளரோடு நின்றுவிடாமல், நான்கு மரமுள்ள எளியவரின் தோப்பையும் எட்டவேண்டும் என்பதே நம் விருப்பம்.