காற்றுக்கு ஒரு கிடங்கு: மின்சேமிப்பில் நமக்குள்ள உரிமைகள்

சங்கரன்கோவில் பூச்சந்தைக்குக் காலையில் வந்து சேரும் மல்லிகைக்கு ஆயுள் அன்று ஒருநாள்தான். முகூர்த்த நாளில் வரத்து குறைந்தால் விலை ஏறும். வரத்து குவிந்துவிட்டால் பறித்த கூலிகூடத் தேறாது. மிஞ்சும் பூவை வாங்கிக்கொள்ள ஒரு சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்று இந்த வட்டார விவசாயிகள் பல காலமாகக் கேட்டுவருவது இதனால்தான்.

மின்சாரத்தின் நிலை பூவைவிட மோசம். பூவாவது ஒரு பகல் தாங்கும். மின்சாரம் உற்பத்தியான நொடியிலேயே யாராவது பயன்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும், அல்லது எங்காவது சேமித்து வைக்க வேண்டும். அந்தச் சேமிப்புக் கிடங்கை அமைக்க மத்திய, மாநில அரசுகள் இப்போது கொள்கை வகுத்துப் பணம் ஒதுக்குகின்றன. அந்தக் கிடங்கின் வாடகை கடைசியில் நம் மின்கட்டணத்தில்தான் வந்து சேரும். வாடகை கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

காற்று வரும் நேரமும் நாம் கேட்கும் நேரமும்

சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம் பக்கமோ கயத்தாறு பக்கமோ போனால் கரிசல் காட்டு நடுவே காத்தாடிகள் வரிசைகட்டி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து இந்தச் சமவெளியில் வேகமெடுக்கிறது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கிய தமிழகக் காற்றாலைப் பயணம் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் வேகமாக வளர்கிறது.

ஆனால் வெயில் உச்சியில் இருக்கும்போது சூரிய மின்சாரம் குவிகிறது. நாம் அதிகம் கேட்பதோ மாலை 6 மணிக்கு மேல். வீட்டில் விளக்கு, மின்விசிறி, ஏசி, கூடத்தில் தறி என எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம் அது. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வேண்டிய நேரத்தில் தட்டுப்பாடு, வேண்டாத நேரத்தில் மிகுதி என்ற நிலையில், காற்றாலைகளையும் சூரிய நிலையங்களையும் நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டியதாகிறது.

இந்த நிறுத்தத்துக்கு விலை உண்டு. தமிழகத்தில் சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகள் மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காகப் போடப்பட்டவை அல்ல என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாங்காமல் விட்ட மின்சாரத்துக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காடு இழப்பீடு தரவும் சொன்னது. பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் தர வேண்டிய நிலை வந்தால், அந்தச் சுமை யார் தலையில் இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையிலும் இதே சிக்கல்தான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடித் தேவை சரிந்தது. பகலில் கூரைச் சூரிய மின்தகடுகளை அணைத்து வையுங்கள் என்று அங்குள்ள மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. போதுமான சேமிப்பு இருந்தால் இப்படிக் கேட்க வேண்டிய தேவை குறைந்திருக்கும்.

அரசு என்ன செய்திருக்கிறது?

மின்சேமிப்பு தமிழகத்துக்குப் புதிதில்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிகுதியாக உள்ளபோது கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது அதையே கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் 500 மெகாவாட் திறனில் கட்டப்பட்டு வருகிறது. நீரேற்றுத் திட்டங்களுக்கென்றே மாநில அரசு 2024-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. பசுமை மின்சாரத்துக்காகத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் தனியாக உருவாகி, பேட்டரி சேமிப்புக்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரியிருக்கிறது.

மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு கடமையை விதித்தது. மின் விநியோக நிறுவனங்கள் தம் மொத்த மின்சாரத்தில் ஒரு பங்கைச் சேமிப்பின் வழியே தர வேண்டும். அந்தப் பங்கு 2023-24-இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2029-30-இல் 4 விழுக்காட்டை எட்ட வேண்டும். பேட்டரி நிலையங்களின் மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை உதவும் திட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உதவி பெறும் நிலையத்தின் திறனில் குறைந்தது 85 விழுக்காடு விநியோக நிறுவனங்களுக்கு, அதாவது நம்மைப் போன்ற நுகர்வோருக்கு, வந்து சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2025-இல் மேலும் 30,000 மெகாவாட்-மணி சேமிப்புக்கு 5,400 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

இந்த அறிவிப்புகளைப் படிக்க இரண்டு அளவுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மெகாவாட் என்பது தொட்டியிலிருந்து வெளியே வரும் குழாயின் அகலம். மெகாவாட்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. 500 மெகாவாட், 1,000 மெகாவாட்-மணி பேட்டரி என்றால் முழு வேகத்தில் 2 மணி நேரம் தாங்கும். மதிய வெயிலை மாலைக்குக் கொண்டுபோக அது போதும். ஆடிக் காற்றை மார்கழிக்குக் கொண்டுபோக எந்தப் பேட்டரியும் உதவாது. பேட்டரியில் 100 யூனிட் ஏற்றினால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 85 யூனிட்தான்.

உங்கள் பணம், உங்கள் கேள்வி

2022-இல் நடந்த ஒரு பெரிய பேட்டரி ஏலத்தில், ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.84 லட்சம் ரூபாயாக முடிந்தது. அதே அளவுள்ள நிலையத்துக்கு, 2024 இறுதியில் ராஜஸ்தானில், மத்திய அரசின் உதவியோடு நடந்த ஏலத்தில் அது சுமார் 2.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு விலை. எந்த ஆண்டு, எந்த விலையில், எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள் என்பது பல ஆண்டுகளுக்கு நம் கட்டணத்தைத் தீர்மானிக்கும்.

மின்சாரச் சட்டம் 2003-இன் 64-ஆவது பிரிவின்படி, கட்டணத்தை நிர்ணயிக்கக் கோரும் மனு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும். மக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் கருத்தில் கொண்ட பிறகுதான் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட முடியும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பூ விவசாயியோ நெசவாளியோ தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம்.

வீட்டிலும் தறிக்கூடத்திலும்

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரம் இலவசம். 2023-இல் 750-லிருந்து இப்படி உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் ஓட்டுபவர்களும் வீட்டுக்காரர்களும் கூரையில் சோலார் போட யோசிக்கிறார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பேட்டரி இல்லாத 'ஆன்-கிரிட்' சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 'கரண்ட் போனாலும் ஓடும்' என்று சொல்லி ஆன்-கிரிட்டை விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய 'ஹைப்ரிட்' அமைப்பு வேண்டும்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3-ஆவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. இது சூரியத் தகட்டின் திறனுக்கு மட்டும். பேட்டரிக்குத் தனி மானியம் இதில் இல்லை. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். பதிவுபெற்ற நிறுவனத்தைத் தேசிய இணையதளத்தில் பார்த்தே தேர்ந்தெடுங்கள். ஓடிபி கேட்கும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சோலார் விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. முழுமையான விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். 'ஆய்வு முடியவில்லை' என்று சொல்லி அலைய விட்டால் இந்த விதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறை உயரழுத்த இணைப்புகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. காலை, மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். 2023-இல் வந்த மத்திய விதி, வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு மலிவாக இருக்க வேண்டும் என்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே இது சாதாரண இணைப்புகளுக்குப் பொருந்தும். விவசாய இணைப்புக்கு விலக்கு உண்டு.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

முதலாவது தீ. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் தீப்பற்றியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பேட்டரி நிலையம் அமையும் இடம், குடியிருப்பிலிருந்து அதன் தொலைவு, தீயணைப்புத் துறைக்கு அளித்த பயிற்சி ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம்.

வீட்டு இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமில்லாத மூலையில் வைப்பது ஆபத்து. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். அங்கே எந்த பேட்டரியையும் வைக்காதீர்கள். தனி அறை, சரியான எர்த், தகுதி பெற்ற ஒயர்மேன் மூன்றும் வேண்டும். லித்தியம் பேட்டரி வாங்கும்போது ஐஎஸ் 16046 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பதிவுபெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி நம் கடமை. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் கடமை.

இரண்டாவது நிலம். காத்தாடிக்கோ சோலாருக்கோ பேட்டரி நிலையத்துக்கோ நிலம் கேட்டு வருபவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் குத்தகை எவ்வளவு உயரும், ஓடைக்கும் மாட்டுப் பாதைக்கும் இடம் விடுவார்களா, காலம் முடிந்ததும் கான்கிரீட்டையும் பேட்டரியையும் யார் அகற்றுவார்கள் என்பது பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பட்டியலின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்களுக்கு மாற்றுவது செல்லாது. உயரழுத்தப் பாதைக்குக் கோபுரம் நட்டால் அடிமனை நிலத்தின் மதிப்பில் இருமடங்கும், கம்பி செல்லும் பகுதிக்கு 30 விழுக்காடும் ஈடு தரலாம் என்று மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. பேரம் பேசும்போது இதை முன்வையுங்கள்.

எங்கே முறையிடுவது?

மின்தடை, மீட்டர், சோலார் இணைப்புத் தாமதம் எதுவானாலும் முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பலனில்லையென்றால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அதன் தீர்ப்பும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு தரும் உரிமை இது.

சோலார் அல்லது பேட்டரி விற்றவர் ஏமாற்றியிருந்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, உத்தரவாத அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கரிசல் மண் பல ஆண்டுகளாகத் தன் காற்றை ஊருக்கெல்லாம் அனுப்பி வருகிறது. அடுத்த கட்டண விசாரணை அறிவிப்பு வரும் நாளில் சங்கரன்கோவிலிலிருந்தும் மனுக்கள் போகட்டும். பேட்டரியை என்ன விலைக்கு ஒப்பந்தம் செய்தீர்கள்? எங்கள் காற்றாலை மின்சாரம் வந்து சேரும் துணைமின் நிலையங்களில் எத்தனைக்கு அந்தச் சேமிப்பு வரும்? மாலையில் தறி ஓடும் நேரத்தில் அது எங்களுக்கு எத்தனை மணி நேரம் கைகொடுக்கும்? இந்த மூன்று கேள்விகளும் மனுவில் இருக்கட்டும்.