ஒரு டம்ளர் காப்பியில் உழவரின் பங்கு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பழமையான ஏரிப்பாசன ஊர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில், இவ்வூரில் ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து கால்வாய் கொண்டு வந்த செய்தியைக் கூரம் செப்பேடுகள் கூறுகின்றன. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. நெல் சாகுபடியோடு கறவை மாடும் வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள் நிறைந்த பகுதி இது.

நம் பாட்டனார் காலத்தில் விடியற்காலையில் ஏர் பூட்டப் போகிறவர் நீராகாரமோ கூழோ குடித்துவிட்டுப் போனார். இன்று காப்பியோ டீயோ இல்லாமல் யாரும் வயலில் இறங்குவதில்லை. கோயிலுக்கு வருபவர், தறியில் உட்காருபவர், நாற்று நடப் போகிறவர் எல்லோரும் விடியுமுன் நாடுவது கடை பெஞ்சைத்தான். காப்பிக் கடையை வீண் செலவு செய்யும் இடம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே விற்பது நம் உழவர்களின் விளைபொருளே. அதில் உழவருக்கு என்ன பங்கு, அந்தப் பங்கைக் கூட்டிக்கொள்வது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

டம்ளர் கணக்கு

சிறிய டம்ளர் காப்பி ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் தூளும் 90 முதல் 100 மில்லி பாலும் தேவை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 டம்ளர் விற்கும் கடைக்கு ஒரு கிலோ தூளும் ஏறத்தாழ 10 லிட்டர் பாலும் வேண்டும். பத்து லிட்டர் பால் என்றால் நாளுக்கு ஐந்து லிட்டர் கறக்கும் இரண்டு கலப்பின மாடுகளின் கறவை.

தூளில் 70 பங்கு காப்பி, 30 பங்கு சிக்கரி என்றால், ஒரு கிலோ தூளில் காப்பி 700 கிராம். வறுக்கும்போது காப்பிக்கொட்டை 15 முதல் 20 சதம் எடை குறையும். ஆகவே 700 கிராமுக்குச் சுமார் 850 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறத்தாழ ஆறு கிலோ பழம் பிடிக்கும். ஆக, நூறு டம்ளர் காப்பிக்குள் மலை விவசாயி பறித்த ஐந்து கிலோ பழம் இருக்கிறது. அந்த ஐந்து கிலோவுக்கு அவர் பெற்ற விலையையும், நூறு டம்ளருக்குக் கடையில் விழுந்த காசையும் அவரவர் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

இந்தத் தூரம் முழுவதும் இடைத்தரகர் லாபம் அல்ல. உலர்த்தல், தோல் நீக்கல், வறுத்தல், அரைத்தல், பால், சர்க்கரை, அடுப்பு, ஆள் கூலி எல்லாம் அதில் அடங்கும். இந்த வேலைகளில் எவற்றை உழவர் தம் கையிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் கேள்வி.

வியட்நாம் காட்டும் பாடம்

உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடி மிக அதிகமாகக் காப்பி விளைவிக்கும் நாடு வியட்நாம். 1857ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் அங்கே காப்பிச் செடியைக் கொண்டு சென்றனர். 1986ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகே சாகுபடி பெருகியது. விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான நிலம் உடைய சிறு விவசாயிகள்.

அங்குள்ள டாலாட் நகரம் நம் ஏற்காட்டைப் போலவே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் அராபிக்கா விளைகிறது. தாழ்ந்த மேட்டுநிலத்தில் உள்ள புவான் மா துவாட் நகரம் ரோபஸ்டாவுக்குப் பெயர் பெற்றது. இந்த மலை நகரங்களில் தெருவுக்குத் தெரு காப்பிக் கடை. நம் பித்தளை பில்டரைப் போலவே 'ஃபின்' என்ற சிறு வடிகட்டியைக் கண்ணாடி டம்ளர் மேல் வைத்துவிடுவார்கள். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை குடிப்பவர் காத்திருப்பார். சுற்றுவட்டாரத்தில் விளைந்த காப்பி அந்த ஊர்க் கடையிலேயே விலையாகிறது.

ஆனால் பால்? பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே பசும்பால் அரிது. அதனால் டின்னில் அடைத்த கெட்டிப் பாலை ஊற்றிக் குடிக்கும் பழக்கம் ஏற்பட்டு, இன்றும் நிலைத்துவிட்டது. அங்கே காப்பி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது. பால் டின்னிலிருந்து வருகிறது. நம் கூரத்தில் நிலைமை நேர்மாறு. காப்பித் தூள் தொலைவிலுள்ள மலையிலிருந்து வருகிறது. பால் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. ஆகவே சமவெளி விவசாயிக்கும் காப்பித் தொழிலில் பெரும் பங்கு உண்டு.

வியட்நாமில் கற்க வேண்டிய இன்னொரு பாடம் எச்சரிக்கையானது. விளைச்சலை மட்டுமே குறியாகக் கொண்டு எல்லோரும் செடி வைத்தனர். 2000-2001ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி மிதமிஞ்சிக் குவிந்து விலை சரிந்தபோது, அங்குள்ள சிறு விவசாயிகளும் நம் நாட்டு விவசாயிகளும் சேர்ந்தே துன்புற்றனர். கோடையில் கிணற்று நீரை அளவின்றி இறைத்ததால் அங்கே நிலத்தடி நீரும் தாழ்ந்தது. அளவு மட்டும் விவசாயியைக் காப்பாற்றாது, தரமும் வேண்டும்.

நம் மலைகளில்

தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை, கீழ்ப் பழனி மலை, நீலகிரி, கொல்லிமலை முதலிய இடங்களில் காப்பி பயிராகிறது. ஏற்காட்டில் காப்பி பரவ வழிசெய்தவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் நிழல் மரங்களின் கீழ் காப்பியும், மரத்தில் ஏற்றிய மிளகும், ஊடே மலைவாழையும் ஆரஞ்சும் சேர்ந்து வளர்கின்றன. ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்று கைகொடுக்கும் நல்ல முறை இது.

முன்பு விவசாயிகள் காப்பியைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டுப்பாடு 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழு விற்பனை உரிமை கிடைத்தது. உரிமையோடு பொறுப்பும் வந்தது. தரத்துக்கு ஏற்ற விலையை விவசாயியே கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கையில் தரமான சரக்கு இருக்க வேண்டும்.

காப்பியின் சுவை கடை அடுப்பில் பிறப்பதில்லை. பறிக்கும் கையில் பிறக்கிறது. மலை விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்காயையும் பழத்தையும் சேர்த்து உருவினால் கொட்டை கறுத்து, காப்பி துவர்க்கும். ஒரே செடியில் மூன்று நான்கு முறை பறிக்க நேர்ந்தாலும் கூலி வீணாகாது.

2. பழத்தின் தோலை நீக்கிப் பார்ச்மெண்டாகத் தயாரிப்பவர்கள் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். பழத்தை மூட்டையில் ஓரிரவு வைத்தால் புளித்துக் கெட்ட வாடை ஏறும்.

3. வெறும் மண் தரையில் உலர்த்தக் கூடாது. சிமெண்டுக் களத்திலோ, சுத்தமான தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடிவைக்க வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து நஞ்சு உண்டாகும்.

4. பார்ச்மெண்டில் ஈரப்பதம் 10 சதம் வரும்வரையும், பழமாகவே உலர்த்தும் செர்ரியில் 11 முதல் 12 சதம் வரும்வரையும் உலர்த்த வேண்டும். எடைக்காக ஈரத்தோடு விற்பவருக்கு வியாபாரி கழிவு பிடிப்பார். அடுத்த ஆண்டு மதிப்பும் குறையும்.

5. அராபிக்காவின் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். தாக்கிய செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும். நிழலைக் குறைத்தால் இப்பூச்சி பெருகும் என்பதால் நிழல் மரங்களைக் கண்டபடி வெட்டலாகாது.

பத்து இருபது சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு களமும், தோல் நீக்கும் எந்திரமும், சிறிய வறுக்கும் எந்திரமும் வைத்துக்கொண்டால், மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு அந்த ஊர்க் காப்பியையே தூளாகவும் டம்ளரிலும் விற்கலாம். டாலாட் கடைத்தெருவில் நடப்பது ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் நடக்க முடியும்.

சிக்கரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். நம் நாட்டில் முக்கியமாகக் குஜராத்தில் பயிராகிறது. வறுத்துக் கலந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்கும். அதைக் கலப்பது குற்றமல்ல. ஆனால் கலவையில் காப்பி 51 சதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு கலந்தது என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். தூளை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் மெல்லத் தூவிப் பாருங்கள். காப்பித் தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறக் கோடு விட்டபடி உடனே அமிழும். வீட்டுக்கு வாங்கும்போது இதைச் செய்து பார்ப்பது நல்லது. சிக்கரி மிகுதியாகக் கலந்த தூளை வாங்கினால் காப்பி விவசாயிக்குச் சேர வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது.

பால் தரமே நம் பங்கு

'டிகிரி காப்பி' என்ற பெயர் பால்மானி காட்டும் அளவிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கலப்படமில்லாத பசும்பாலில் பால்மானி 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் சேர்த்தால் இறங்கும். ஆடையை எடுத்தால் ஏறும். ஆடையையும் எடுத்து, தண்ணீரும் ஊற்றினால் பால்மானி ஏமாந்து சரியான அளவையே காட்டிவிடும். ஆகவேதான் சங்கத்தில் கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய இதர சத்துக்களையும் தனித்தனியே பார்த்து விலை போடுகிறார்கள். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதமும், இதர சத்துக்கள் 8.3 சதமும் குறைந்த அளவாக இருத்தல் வேண்டும்.

காப்பி பாலுக்கு ஒரு பரீட்சை. டிகாக்‌ஷனில் இயற்கையாகவே சிறிது புளிப்பு உண்டு. லேசாகப் புளிக்கத் தொடங்கிய பால் அதில் சேர்ந்ததும் திரிந்துபோகும். "என்ன பெரியவரே, இன்னைக்கும் பால் திரிஞ்சுபோச்சே" என்று கடைக்காரர் இரண்டு நாள் சொன்னால், மூன்றாம் நாள் பாக்கெட் பாலுக்கு மாறிவிடுவார். போன வாடிக்கை எளிதில் திரும்பாது. கறவை வைத்திருப்போர் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கறக்குமுன் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்கவும். முதல் இரண்டு மூன்று பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, திரி திரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் அது மடிநோயின் அறிகுறி. கறக்கும் நேரத்தில் தூசி பறக்கும் வைக்கோலைப் போட வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. முதல் நாள் மாலைப் பாலைக் காலைப் பாலோடு கலக்க வேண்டாம். கறந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் சங்கத்திலோ கடையிலோ சேர்த்துவிட வேண்டும். மருந்து கொடுத்த மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை விற்பனைக்கு ஊற்றக் கூடாது.

மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதை ஒட்டக் கறக்காமல் விட்டால் கொழுப்பு அளவு குறையும். கன்றுக்கு உரிய பாலைக் கறவையின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம்.

வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டிடம் இதர சத்துக்களை எதிர்பார்க்க முடியாது. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. வாய்க்கால் கரையிலோ கிணற்றடியிலோ பத்து சென்ட் நிலம் ஒதுக்கி, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வேலி ஓரத்தில் வேலிமசாலும் வளர்க்கவும். ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனமும், அன்றாடம் தாது உப்புக் கலவையும் கொடுக்கவும். அடர்தீவனத்தையே அள்ளிப் போட்டு நார்த்தீவனத்தைக் குறைத்தால் கொழுப்பு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

சங்கத்தில் பால் ஊற்றுபவர்கள் அன்றன்று கொழுப்பு அளவையும் இதர சத்து அளவையும் ரசீதில் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் குறித்து வரவும். தீவனம் மாறிய நாளும் அளவு மாறிய நாளும் அந்த நோட்டிலேயே தெரியும். அளவு தெரிந்தவரை விலையில் யாரும் ஏமாற்ற முடியாது.

காப்பி பற்றிய ஆலோசனைக்குத் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், கறவை மாடு, தீவனப்பயிர் பற்றிய ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம். மலையில் சிவந்த பழம் பறிக்கும் விவசாயியும், கூரத்தில் சுத்தமாகப் பால் கறக்கும் விவசாயியும் தத்தம் தரத்தைக் காத்தால், டம்ளரில் விழும் காசில் இருவர் பங்கும் உயரும்.