உருகி ஓடும் உலோகத்துக்கு ‘ஸ்டாச்சூ!’

கண்ணாடின்னா உடையும், இரும்புன்னா வளையும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கில்லாடி இருக்கு பாஸ். பேரு உலோகக் கண்ணாடி. ஊடுருவிப் பார்க்கவெல்லாம் முடியாது. எவர்சில்வர் மாதிரிதான் பளபளக்கும். அப்புறம் எதுக்கு ‘கண்ணாடி’ பட்டம்? உள்ளே அணுக்கள் கிடக்கிற கோலம் அப்படி.

பழவேற்காடு ஏரியில் பசியாவரம் பக்கம் போனால், கோடையில் ஏரியோரம் வற்றிய இடங்களில் உப்பு பூத்திருக்கும். தண்ணி நிதானமா வற்றுவதால் உப்புக்கு வரிசை கட்ட நேரம் கிடைக்குது; படிகமாகுது. உருகிய உலோகம் ஆறும்போதும் அதே கதைதான். எக்ஸாம் ஹால் மாதிரி அணுக்கள் வரிசையா உட்கார்ந்துடும். உட்காரவே விடாமல், கேன்டீன் கூட்டமா முட்டி மோதும்போதே ‘ஸ்டாச்சூ!’ சொன்னால்?

1960-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் போல் டூவெஸ் குழு சொன்னது. தங்கம் - சிலிக்கான் கலவையை நொடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்தார்கள். கிடைத்தது மெல்லிய துணுக்குதான். 1990-களில் அதே கால்டெக்கில் சிர்கோனியம் கலவையைக் கட்டியாகவே வார்த்துவிட்டார்கள்.

வரிசை இல்லாததில் என்ன லாபம்? இரும்புக் கம்பி வளைவதே, படிக வரிசையில் உள்ள பிசகுகள் நகர்வதால்தான். இங்கே வரிசையே இல்லை, எதை நகர்த்துவது? சுமார் 2 சதவிகிதம் இழுத்தாலும், விட்டதும் பழைய அளவுக்கு வந்துடும். சாதாரண உலோகங்கள் பெரும்பாலும் அரை சதவிகிதத்துக்குள்ளேயே கைவிரிச்சிடும். இதன் மேல் ஸ்டீல் குண்டைப் போட்டால் துள்ளல் நிற்க ரொம்ப நேரமாகும்!

வில்லனும் உண்டு, ரெண்டு பேர். எல்லை தாண்டி இழுத்தால், மொத்த நெளிவும் நானோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள பட்டைகளில் குவிந்து, முன்னறிவிப்பே இல்லாமல் ‘படக்’! அடுத்தவர், சூடு. ஸ்டாச்சூ கலைந்து அணுக்கள் வரிசை கட்ட ஆரம்பிச்சிடும். படிகமானால் பழையபடி வளையுமேன்னு நினைக்காதீங்க. உருவாகும் படிகங்கள் பெரும்பாலும் நொறுங்குகிற ரகம். லாந்தனம் கலவையில் படிக அளவு கூடினால் அடி தாங்கும் சக்தி சரியும் என்று 2000-ல் காட்டிய குழுவில் ஒருவர் உபத்ரஸ்டா ராமமூர்த்தி. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் இருந்தபடி 2011-ல் பட்நாகர் விருது வாங்கியவர்.

இதெல்லாம் லேப் சமாசாரம்னு ஒதுக்கிட முடியாது. சில டிரான்ஸ்ஃபார்மர்களின் உள்ளே இரும்பு - சிலிக்கான் - போரான் உலோகக் கண்ணாடி ரிப்பன்தான் சுற்றியிருக்கு. வழக்கமான சிலிக்கான் ஸ்டீலோடு ஒப்பிட்டால், சும்மா நிற்கும்போது வீணாகும் மின்சாரம் சுமார் மூணில் ஒரு பங்குதான். ஆனா தயாரிக்கும்போது ரிப்பனின் இறுக்கம் போக 350 டிகிரி வாக்கில் சூடாக்கியே ஆகணும். 500-ஐத் தொட்டால் படிகமாகி, மிச்சப்படுத்தும் குணமே போச்சு. 350-லேயே நிறுத்தினாலும் ரிப்பன் மொறுமொறுன்னு ஆகிடும். அதனால அந்தச் சுருளை அப்பளம் மாதிரிதான் கையாளணும்.