மல்பெரி வைக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?



நம் தோட்டத்தில் இப்போது பல வீட்டு வாசலில் மல்பெரி நிற்கிறது. முசுக்கொட்டை என்பதும் இதுதான். பட்டுப்புழு தின்னும் இலை. நல்ல காரியம். ஆனால் சில விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும்.

விதை வேண்டாம். பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். மூன்று நான்கு கணு இருக்கட்டும். மண் நிரப்பிய பையில் பாதி வரை ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. துளிர் வந்ததும் பிடுங்கி நடாதீர்கள். வேர் பிடிக்கும் முன்பே துளிர் வரும். இரண்டு மூன்று மாதம் போனபின் நல்ல வெயில் படும் இடத்தில், சுவரையும் கால்வாயையும் விட்டுத் தள்ளி நடுங்கள்.

"மரம் செழிப்பா இருக்கு, காய்தான் இல்ல" என்பார்கள். புதுக் கிளையில்தான் காய் வரும். நுனியை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு பிஞ்சும் வரும். நன்றாகக் கறுத்த பழத்தையே சாப்பிடுங்கள். 100 கிராம் பழத்தில் சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர இது உதவும்.

களைமருந்து அடிக்கும் வரிசைக்குப் பக்கத்தில் மரம் வைக்காதீர்கள். மருந்து வந்த காலி டின்னில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்காக மற்ற மருந்தெல்லாம் தண்ணீர் ஆகிவிடாது. பழத்தைக் கழுவித்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. இனிப்பு நீர் உள்ள ஒரு அக்காள் தலைசுற்றலோடு என்னிடம் வந்தார். இரத்தத்தில் சர்க்கரை 19. "மாத்திரை எதுக்கு தம்பி? ஒரு மாசமா மல்பெரி இலைத் தண்ணிதான் குடிக்கிறேன்" என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பிழைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறுவதை இந்த இலையிலுள்ள ஒரு பொருள் சற்றுத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். மாத்திரையின் வேலையை அது செய்யாது. இரண்டையும் சேர்த்துக் குடித்தால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரலாம்.

ஆகவே இலைத் தண்ணீர் குடிப்பவர்கள் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். மரம் வாசலில் நிற்கட்டும். மாத்திரையும் வேளை தவறாமல் நடக்கட்டும்.