சாதிலிங்கம் சொன்ன பொய்

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நின்றதும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போடுவார்கள். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே இரத்தச் சிவப்பாகும். விரலி, உருண்டை, பனங்காலி என்று தரம் பிரித்து மூட்டை மூட்டையாக மஞ்சளை ஏலம் விடுகிற நாமகிரிப்பேட்டையில் பெரியவர்கள் இதை நின்று கவனிப்பதில்லை. திண்ணையில் இருக்கும் குழந்தை கவனிக்கும். அதன் கையில் அரை எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துத் தட்டில் பிழியச் சொல்லிப் பாருங்கள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் ஏறினால் சிவக்கும், புளிப்பு ஏறினால் பழைய நிறத்துக்கு வரும்.

போனது திரும்பி வருவதை ஒரு பொருளில் பார்த்துவிட்ட மனிதன் அதோடு சும்மா இருப்பானா? சீனாவில் இருக்கவில்லை.

அங்கே கையில் கிடைத்தது சாதிலிங்கம் என்ற சிவப்புக் கல். பாதரசமும் கந்தகமும் கூடியது. எடையில் நூற்றுக்கு 86 பங்கு பாதரசம். காற்றுபட நெருப்பில் வாட்டினால் கந்தகம் மூக்கைத் துளைக்கும் புகையாகப் போய்விடும். ஆவியாக எழும் பாதரசத்தைக் குளிர்ந்த மூடியில் பிடிக்கலாம். நம் சித்த வைத்தியர்கள் வாலை ரசம் என்பது இதைத்தான். சிவப்புக் கல்லுக்குள்ளிருந்து வெள்ளி போல ஓடுகிற ஒரு உலோகம்! அதைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்தால் கன்னங்கரேல் என்று ஒரு பொடி. அந்தப் பொடியை மூடிய பாத்திரத்தில் வைத்து எரித்தால், மேல்மூடியில் படிவது மறுபடியும் சிவப்புச் சாதிலிங்கம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கந்தகமே சேர்க்காமல் பாதரசத்தை 350 டிகிரி சூட்டில் காற்றுபட நெடுநேரம் வைத்திருந்தாலும் ஒரு சிவப்புப் பொடி வரும். அது பாதரச ஆக்சைடு, வேறு பொருள். சூட்டை இன்னும் கூட்டினால் அதுவும் பாதரசமாகவே திரும்பிவிடும். இரண்டு சிவப்பும் ஒன்றுதான் என்று அந்தக் காலத்தில் எண்ணிக்கொண்டார்கள். கண்ணை மட்டும் நம்பினால் வேறு எப்படி எண்ண முடியும்?

கட்டை எரிந்தால் சாம்பல். மனிதன் எரிந்தாலும் சாம்பல். இந்தக் கல் மட்டும் எரிகிறது, உருமாறுகிறது, திரும்பி வருகிறது. இதைத் தின்றால் என்ன?

இப்படிக் கேட்டவர்கள் தாவோ நெறியின் பிற்கால வாரிசுகள். முன்னோர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சீனச் சிற்றரசுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்த கி.மு. 6 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், எப்படி வாழ்வது, எப்படி ஆள்வது என்ற கேள்விகளோடு பல சிந்தனைப் பள்ளிகள் முளைத்தன. 'நூறு பள்ளிகள்' என்று பெயர். பின்னாளில் சிமா தான் என்ற அரசவை அறிஞர் அவற்றை ஆறாகத் தொகுத்தார். தாவோ அவற்றில் ஒன்று. சட்டமும் தண்டனையும் போதும் என்றது ஒரு கூட்டம். மோ ஸியின் வழி வந்தவர்களோ, சிறு துளை வழியாக இருட்டில் விழும் உருவம் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று ஆராய்ந்து, ஒளி நேர்கோட்டில் செல்வதை விளக்கப் பார்த்தார்கள். கன்பூசியஸுக்கு (கி.மு. 551–479) அக்கறையெல்லாம் மகன் தகப்பனிடமும் அமைச்சன் அரசனிடமும் எப்படி நடந்துகொள்வது என்பதில். சாவைப் பற்றிக் கேட்ட ஸி லூ என்ற சீடருக்கு அவர் பிடி கொடுக்கவே இல்லை. தாவோ ஞானி ஜுவாங் ஸியோ தன் மனைவி இறந்தபோது பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாராம். பருவம் மாறுவதைப் போலத்தான் சாவும் என்பது அவர் கட்சி. அந்த மரபைச் சொந்தம் கொண்டாடியவர்கள்தான் அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு சாகாமல் இருக்க மாத்திரை செய்ய அடுப்பு மூட்டினார்கள். தாத்தா சொன்னதைப் பேரன் கேட்ட குடும்பம் எங்கே இருக்கிறது!

இந்தப் பேரன்களில் பெரியவர் கே ஹோங் (283–343). சாதிலிங்கம் கிடைக்கும் தெற்குச் சீமையைத் தேடிப் புறப்பட்டு, கடைசியில் லுவோஃபு மலையில் தங்கி உலை வைத்தவர். அவருடைய தர்க்கம் எளிமையானது. மூலிகையைப் புதைத்தால் மக்கும், வேகவைத்தால் குழையும், தீயிலிட்டால் கருகும். தன்னையே காத்துக்கொள்ளத் தெரியாதது உன்னை எப்படிக் காக்கும்? சாதிலிங்கத்தை எரிக்க எரிக்க அது மாறி மாறித் திரும்புகிறது. ஆகவே அதைச் சாப்பிடு. முதல் பாதியில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது பாதி ஆளைக் கொன்றது.

9-ஆம் நூற்றாண்டில் தாங் வம்சப் பேரரசர்கள் பலர் இந்த மருந்தைத் தின்று உடலும் புத்தியும் குலைந்தார்கள். 846-இல் இறந்த வூ ஸோங் அவர்களில் ஒருவர். பாதரசச் சேர்மங்கள் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கைநடுக்கத்தையும் எரிச்சலையும் மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் என்று சொல்லித் தேற்றியவர்கள் இருந்தார்கள். கன்பூசிய அறிஞர் ஹான் யூ (768–824), இப்படி இறந்த ஒருவருக்குக் கல்லறை வாசகம் எழுதும்போது, தனக்குத் தெரிந்து மருந்து தின்று மாண்டவர்களை வரிசையாகப் பட்டியலிட்டுவிட்டார். இரங்கல் எழுதச் சொன்னால் எச்சரிக்கைப் பலகை எழுதியிருக்கிறார்.

உலை மட்டும் அணையவில்லை. கந்தகம், மனோசிலை, வெடியுப்பு மூன்றையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கியவர்களின் கையும் முகமும் வெந்து, வீடே எரிந்துபோனது என்று ஒரு தாவோ நூல் எச்சரிக்கிறது. ஆயுள் மருந்து தேடப்போய் அவர்கள் தட்டியெழுப்பியது வெடிமருந்தை. 1044-இல் தொகுத்த போர்க்கலை நூலில் அதன் செய்முறையே வந்துவிட்டது. சீன மொழியில் இன்றும் அதன் பெயர் 'தீ மருந்து'. தமிழிலும் மருந்து என்ற சொல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டாசைச் சீனவெடி என்று சொல்வதும் பழக்கத்தில் உண்டு.

நாமகிரிப்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கும். பக்கத்தில் நிற்கும் கொல்லிமலையில், ஆகாய கங்கை அருவி விழும் பக்கம், கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று காட்டுவார்கள். காலாங்கிநாதரின் சீடராகச் சொல்லப்படும் போகர் இங்கிருந்து சீனா போனவர் என்று ஒரு கதை. சீனாவிலிருந்து இங்கே வந்தவர் என்று இன்னொரு கதை. ரசம், கந்தகம், லிங்கம், செந்தூரம், மூச்சை அடக்கும் வாசி, சாகாத உடம்பு என்று சித்தர் பேசியதெல்லாம் தாவோ உலைக்களத்திலும் உண்டு. யாரிடமிருந்து யார் கற்றார்கள்? போகர் பெயரில் உள்ள நூல்களின் நடை பிற்காலத்தது. அதை வைத்து வழக்குப் பேச முடியாது. போக்குவரத்து இருந்தது மட்டும் உறுதி. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் எடுத்ததை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதே ஊரின் சிங்யுவான் மலையில் சோங் வம்சக் காலத்துக் கல் லாவோ ஸி, தாவோ நெறியின் ஆதி குரு, தாடியோடு இன்றும் உட்கார்ந்திருக்கிறார். தமிழ் வணிகர்கள் அவரைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா? ஆனாலும் யார் குரு, யார் சீடர் என்ற சண்டை எனக்கு ருசிப்பதில்லை. அந்தக் கல் எந்த ஊர் நெருப்பிலும் ஒரே வித்தையைத்தான் காட்டும். ஒரே ஆசையோடு பார்த்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கலாம்.

கே ஹோங் மூலிகையை மட்டம் தட்டினார் அல்லவா? அவரே அவசர வைத்தியத்துக்கு ஒரு கைநூலும் எழுதினார். முறைக்காய்ச்சலுக்கு அதில் ஒரு குறிப்பு: நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் என்ற செடியை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்க வேண்டும். 1971-இல் மலேரியா மருந்து தேடிக்கொண்டிருந்த சீன விஞ்ஞானி தூ யூயூவின் ஆய்வுக்கூடத்தில் அதே செடியின் சாறு ஒரு முறை நன்றாக வேலை செய்தது, மறுமுறை அவ்வளவாகச் செய்யவில்லை. அவர் இந்தக் குறிப்பைத் திரும்பப் படித்தார். ஊறவைக்கத்தான் சொல்லியிருக்கிறது, காய்ச்சச் சொல்லவில்லை. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சூடேறாமல் சாற்றைப் பிரித்தார். அந்தச் சாறு எலிகளின் உடலில் இருந்த மலேரியாக் கிருமி முழுவதையும் ஒழித்தது. அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் அவருக்கு 2015-இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. வேகவைத்தால் கெட்டுவிடும் என்று கே ஹோங் மூலிகைமேல் சொன்ன குற்றம், இந்த ஒரு செடி விஷயத்தில் முழு உண்மை.