மழையை அளக்கும் சிறுவர்கள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. சில கல் தொலைவிலுள்ள திருச்செந்தூரில் அதே பொழுதில் பதிவானது 69 செ.மீ. அண்டை ஊர்களுக்கிடையே இத்துணை வேறுபாடு இருக்குமாயின், மழைமானி இல்லாத ஊர்களில் பெய்ததை யார் அறிவார்? பள்ளிதோறும் ஒரு மழைமானி வேண்டும் என்று நாம் கருதுவது இதனால்தான். அதனைச் சிறுவர்களே செய்துகொள்ளலாம்.

முதலில் 'ஒரு சென்டிமீட்டர் மழை' என்பதன் பொருளை உணர்த்த வேண்டும். பெய்த நீர் ஓடாமலும் மண்ணில் ஊறாமலும் ஆவியாகாமலும் தேங்கினால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுவே மழையளவு. நேரான பக்கங்களையுடைய அகன்ற பாத்திரம் ஒன்றையும் குறுகிய டப்பா ஒன்றையும் திறந்த வெளியில் மழையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நீர் ஒரே உயரம் நிற்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பர். சொல்லி நம்பாததைக் கண்டு நம்புவர்.

இனிச் செய்முறை. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி ஒன்றின் தோள்பகுதியை வெட்டி, அதனையே தலைகீழாகப் புனல்போல் பொருத்த வேண்டும். நீர் ஆவியாவதை இது குறைக்கும். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருக்குமாதலால், கூழாங்கற்கள் இட்டு, அவை மூழ்கும்வரை நீரூற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் எனக் குறித்து, அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்ட வேண்டும். கற்கள் காற்றில் சாயாமலும் காக்கும்.

சிலர் அகன்ற புனலைப் பொருத்திவிட்டு, நீர் நின்ற உயரத்தையே மழையளவாக எழுதிவிடுகின்றனர். புனல்வாயின் குறுக்களவு 10 செ.மீ., புட்டியின் குறுக்களவு 5 செ.மீ. எனில், 1 செ.மீ. மழை புட்டியில் 4 செ.மீ. உயரம் நிற்கும். இருமடங்கு என்றே மாணவர் முதலில் விடை சொல்வர். வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிட்டுப் பார்க்கச் செய்தால் நான்கு மடங்கு என்பது தெளியும். சிறுதூறலையும் அளக்க இவ்வமைப்பு உதவும் என்பதால் இதனை விலக்க வேண்டியதில்லை. வகுத்து எழுதினால் போதும்.

மரநிழலும் கூரையோரமும் ஆகா. நம் நாட்டு வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளப்பதால் மாணவரும் அவ்வேளையிலேயே அளந்து, நீரைச் சுழியக் கோடுவரை குறைத்துவிட வேண்டும். பெருமழையில் இடையிடையே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும், 20 செ.மீ. கொள்ளும் புட்டி காயல்பட்டினத்து மழைக்கு நான்கு முறைக்கு மேல் நிறைந்திருக்கும்!

காற்றுத்திசை காட்டிக்கும் ஒரு சொல். அம்பின் முனை காற்று வரும் திசையையே காட்டும். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என நம் முன்னோர் இட்ட பெயர்களும் அம்முறையினவே.

குறிப்பேட்டில் மழையற்ற நாளுக்கு 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்பது பின்னர் விளங்காது. செய்தித்தாளின் அளவைப் பார்த்துத் தம் எண்ணை அழித்துத் திருத்தும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். மதிப்பெண் அச்சமே அதற்குக் காரணம். ஆசிரியர் அங்கே கேட்க வேண்டியவை வேறு: புனலை இலை அடைத்திருந்ததா? புட்டி சாய்ந்திருந்ததா? பிழை எதுவும் தென்படாவிட்டால், மாணவர் எழுதிய எண் அப்படியே இருக்கட்டும்.