கல்லா மேஜைக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

பில் போடவும், சரக்கு இருப்புப் பார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பவும் நமக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. கல்லா மேஜையில் இடத்தை அடைக்காத மினி கம்ப்யூட்டரே போதும். ஆனால் மலிவு ஒன்றையே பார்த்து வாங்கிவிடக் கூடாது.

ராம் 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. இருக்கட்டும். பில் பிரிண்டர், பார்கோடு ரீடர், கீபோர்டு, மவுஸ் நான்கிற்கும் யு.எஸ்.பி. இணைப்பு உண்டா என எண்ணிப் பார்ப்போம். சொல்லும் விலையில் மானிட்டர் சேர்ந்ததா என்றும் கேட்போம்.

பழையது வாங்குவோர் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பெட்டி சும்மா கிடைக்கிற விலையானாலும் வேண்டாம்.

லேப்டாப் போல இதில் பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் பாதி பில்லில் நின்றுவிடும். ஆகவே யு.பி.எஸ். அவசியம்.

நமது ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்கினால் 18 சதவீத வரியை வரவு எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

கடைசியாக ஒன்று. ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். எனவே தினமும் கடை அடைக்கும் முன் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். பெட்டி பழுதானால் வேறு வாங்கலாம். பாக்கிக் கணக்கு அழிந்தால் யாரிடம் போய் வசூலிப்பது?